முற்றமும் கண்ணாடிச் சுவரும்: யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளகம் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

வீட்டின் உள்ளகத்தை அழகுபடுத்துவது பற்றிய நூல்களும் சஞ்சிகைகளும் இன்று எமது நடுத்தர வர்க்கத்தினர் மத்தியிலே தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றுள் இத்தாலிய நகரங்களின் தொடர்மாடி மனைகளைக் காட்டும் பக்கங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நூற்றாண்டுகள் கண்ட கல் வளைவும் மரத் தீராந்தியும் மேலே அப்படியே நிற்க, கீழே உருக்கும் கண்ணாடியுமாய்ப் புதிய தளபாடங்கள் அமைந்திருக்கும். பழமையும் புதுமையும் பகையின்றி ஓரிடத்தில் வாழ்வதாக ஒரு தோற்றம். அந்தத் தோற்றமே இப்பொழுது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் விலைபெறத் தொடங்கியுள்ளது. 2009க்குப் பின்னர் எழுந்த விடுதிகள், உணவகங்கள், புலம்பெயர்ந்தோரின் பணத்தில் அமைந்த வீடுகள் ஆகியவற்றிலே முற்றமும் திண்ணையும் மரத்தூணும் மீண்டும் தலைகாட்டுகின்றன. திண்ணை என்னும் பெயரையே தாங்கிய விடுதியொன்றும் யாழ்ப்பாணத்தில் உண்டு. மரபு பேணப்படுகின்றது என்று பலரும் மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது எமது நோக்கமன்று. ஆனால் மரபு என்று எடுத்துக்கொள்ளப்படுவது யாது, விட்டுவிடப்படுவது யாது, எடுப்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாது அம்மகிழ்ச்சியிற் பங்குகொள்ள எம்மால் இயலவில்லை.

இலக்கிய மாணவர் வீட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். வீடும் ஒரு பனுவலே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. அது இப்போது மிக மலிந்துபோன கூற்று. வீடு வாசிக்கப்படுவதன்று, வாழப்படுவது. எனினும் உருவம், உள்ளடக்கம், மரபு, நவீனம் என நாம் இலக்கியத்திலே பல்லாண்டுகளாக விவாதித்துவந்த பிரச்சினைகள் யாவும் வீட்டிலே சுவரும் கூரையுமாக, கைதொட்டுப் பார்க்கக்கூடியனவாக நிற்கின்றன. கவிதையிலே பழைய யாப்பை எடுத்தாளும் ஒருவர் அதன் பழைய சமூக உறவுகளையும் உடன் எடுத்துவருகின்றாரா என்பது எளிதில் தீராத வழக்கு. நாற்சார் வீட்டை எடுத்தாள்பவரைப் பற்றிய அதே வழக்கு சற்றுத் தெளிவாகவே தீர்க்கப்படலாம்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீட்டினுள்ளே ஒருவர் புகுந்து கண்ணிற் படுவனவற்றை வரிசையாகப் பெயர்சொல்லி வருவாராயின், விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, குசினி என்று சொல்லிக்கொண்டு போவார். இவை யாவும் 1619 முதல் 1658 வரை குடாநாட்டை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழிவழி வந்தவை. கொல்லைப்புறத்துக் கக்கூசு ஒல்லாந்தருடையது. அலுமாரியைத் திறக்கும் கருவி மாத்திரம் திறப்பு என்று தமிழாகவே நின்றுவிட்டது; அதற்கான காரணத்தை மொழியியலாளரிடம் விட்டுவிடுவோம். முற்றம், படலை, வளவு, கிணறு, அடுப்பு, உரல், அம்மி என்பன பழந்தமிழ்ச் சொற்கள். அதாவது வெளியும் உழைப்பும் தமிழில் இருக்கின்றன; இருக்கையும் சேமிப்பும் குடியேற்றவாதியின் மொழியில் இருக்கின்றன. சொல்லை மட்டும் வைத்துச் சமூக வரலாறு எழுதுவது ஆபத்தானது என்பதை நாம் அறிவோம். ஆயினும் கலப்பற்ற தமிழ் வீடு ஒன்று எக்காலத்திலோ இருந்தது, அதனை நவீனம் வந்து கெடுத்தது என்னும் கதை நிலைக்கமாட்டாது என்பதற்கு இச்சொற்களே போதிய சான்று.

ஓட்டை எடுத்துக்கொண்டாலும் அவ்வாறே. இன்று பழமையின் அடையாளமாக விடுதிக் கூரைகளில் ஏற்றப்படும் தட்டையான சிவப்பு ஓடு, பாசல் மிசனரிமார் 1865இல் மங்களூரிலே தொடங்கிய தொழிற்சாலை உற்பத்தியின் வழிவந்தது. அது வந்த காலத்தில் அதைவிட நவீனமான கூரைப்பொருள் இங்கு இருந்ததில்லை. அதற்கு முன்னர் வசதியுள்ளோர் வீடுகளிலே பீலி ஓடும், ஏனையோர் வீடுகளிலே கிடுகும் பனையோலையும் கூரையாயின. ஒரு தலைமுறையின் நவீனம் மறு தலைமுறையின் மரபாகின்றது என்பதைச் சொல்ல மார்க்சியம் தேவையில்லை. அந்த மாற்றத்தின்போது அது யாருடைய மரபாகின்றது என்பதைக் காண்பதற்கே அது தேவைப்படுகின்றது.

நாற்சார் வீடு என்பது நடுவே வானம் பார்த்த முற்றமும், அதனைச் சூழ நாற்புறமும் இறங்கிய தாழ்வாரமும், அதன் பின்னே அறைகளுமாய் அமைந்தது. சுவருக்கு வளவிலோ அயலிலோ வெட்டிய சுண்ணாம்புக்கல், கரையோரங்களில் முருகைக்கல். சாந்துக்கு அதே கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையிற் கைமரமும் சிலாகையும். ஆறில்லாத, நீர் நிலத்தின் கீழே ஒளிந்திருக்கும் சுண்ணக்கற் பிரதேசம் ஒன்றிலே, சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் அதற்கு முந்திய வெக்கையிலும் உயிர் வாழ்வதற்கு மனிதர் கண்ட நுட்பம் இது. தடித்த கற்சுவர் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும்; முற்றத்திலிருந்து வெம்மையான காற்று மேலெழ, தாழ்வாரத்து நிழற்காற்று அவ்விடத்தை நிரப்பும். முற்றம் நெல்லும் மிளகாயும் உலர்த்துமிடம், பிள்ளைகள் விளையாடுமிடம், மரண வீட்டிலே சடலம் வைக்குமிடம், கலியாண வீட்டிலே பந்தல் போடுமிடம். ஆகவே அது அலங்காரமன்று. ஓர் உற்பத்திச் சாதனம் என்றே கூறவேண்டும்.

இவ்வளவும் உண்மை. இதனை மாத்திரம் சொல்லி நிறுத்துபவர்கள் பலர். ஆனால் இதே வீட்டை வேறொரு திசையிலிருந்து, அதாவது படலைக்கு வெளியிலிருந்து, பார்க்க வேண்டியுள்ளது. தெருவோரத்துச் சங்கடப்படலையின் கூரைநிழல் வழிப்போக்கர் யாவருக்கும் உரியது என்பர். அங்கே தண்ணீர்ப் பானை வைக்கும் வழக்கம் உயர்ந்த விருந்தோம்பலாகப் போற்றப்படுகின்றது. படலையைத் தாண்டியதும் யாவர்க்கும் என்ற சொல் மறைந்துவிடும். யார் முற்றத்து ஓரத்தில் நிற்கலாம், யார் திண்ணையில் இருக்கலாம், யார் விறாந்தைக் கதிரையில் அமரலாம், யார் கோடிப்பக்கத்தால் மட்டும் வரலாம் என்பன எழுதப்படாத விதிகளாக அவ்வீட்டின் தரையிலே வரையப்பட்டிருந்தன. பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோருக்குக் கிணற்றை அணுகும் உரிமை இல்லை. அவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது சிரட்டையில். குடிமைத் தொழில் செய்வோர் வீட்டின் மங்கலச் சடங்குகளுக்கு இன்றியமையாதவர்கள். ஆனால் அச்சடங்கு நடக்கும் இடத்திலே அவர்களுக்கு இருக்கை இல்லை. திண்ணை ஓரடி உயர்த்திக் கட்டப்பட்டது மழைத் தண்ணீருக்காக மட்டுமன்று. உயர்வு தாழ்வு என்பது இங்கு உருவகமல்ல, அளவுகோலால் அளக்கத்தக்கது.

கே. டானியலின் எழுத்துக்களைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலிலும் பின்னர் வந்தவற்றிலும் வேலி, படலை, கோடி, கிணற்றடி என்பன கதை நிகழும் இடங்களாக மாத்திரம் வருவதில்லை. அவையே போராட்டத்தின் எல்லைக் கோடுகள். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நூலேட்டிலே கிடக்க, 1966 ஒக்டோபர் 21 எழுச்சிக்குப் பின்னரும் 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் போதும் மக்கள் உடைத்தது தேநீர்க் கடைகளினதும் கோயில்களினதும் வாயில்களைத்தான். அவை பொது இடங்கள். அங்கே போராட முடிந்தது. வீட்டின் திண்ணையோ தனியார் சொத்து. எந்த இயக்கமும் திண்ணைப் பிரவேசம் நடத்தவில்லை. அதனாற்போலும், கோயிலும் கடையும் ஓரளவேனும் மாறிய பின்னரும் வீட்டின் உட்புறம் மிக மெதுவாகவே மாறியது.

சாதியோடு பால்நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்தபோது சீதனம் பற்றிய விதிகள் அதன் நடுநாயகமாக அமைந்தன. யாழ்ப்பாணத்திலே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும் சொத்து. வெளியார் பலர் இதனைப் பெண்ணுரிமையின் சான்றாகக் காட்டி மயங்குவதுண்டு. வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில். அதனைப் பராதீனப்படுத்தக் கணவனின் சம்மதம் வேண்டும். விறாந்தையும் தலைவாசலும் ஆண்களின் பேச்சுக்கு. உறுதியின் உரிமையாளர் புகையடைந்த குசினியிலும் பின் தாழ்வாரத்திலும். மாதவிலக்கு நாட்களில் அங்கும் இல்லை. குசினியைப் பிரதான வீட்டிலிருந்து பிரித்துக் கட்டியது தீப்பற்றாதிருப்பதற்கும் புகை புகாதிருப்பதற்குமான நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தப் புகையை யார் வாங்கிக்கொண்டார் என்பதைக் கட்டடக்கலை நூல்கள் சொல்வதில்லை.

இவ்விடத்தில் எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ நினைவுக்கு வருகின்றது. கொழும்பிலே எழுதுவினைஞனாக இருக்கும் கணவன் சில நாள் விடுமுறையில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகின்றான். மாமியாரும் பிள்ளைகளும் உறவினரும் நிறைந்த அவ்வீட்டிலே அவனும் மனைவியும் சற்றுத் தனித்திருக்க வாய்ப்பின்றி விடுமுறை கழிகின்றது. முற்போக்கு அணியுடன் பிணங்கி நற்போக்கு என்று தனிக்கொடி தூக்கியவர் அவர். எம்மவர்கள் அந்நாவலை அதன் பாலியலுக்காகக் கண்டிப்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டனர். கண்டனத்தில் நியாயம் இருந்ததோ இல்லையோ, வீடு பற்றிய மிக நுணுக்கமான ஒரு சாட்சியத்தை நாம் அதனாற் கைவிட்டோம். கூட்டாக வாழ்வதற்கென அமைந்த உள்ளகம், சம்பளத்துக்குத் தூர நகரில் உழைத்து வாரவிடுமுறைக்கு வரும் புதிய மனிதனை எவ்வாறு நெருக்குகின்றது என்பதை அந்நாவல் ஒரு சமூகவியல் அறிக்கையைவிடத் தெளிவாகக் காட்டுகின்றது. தனியறை என்னும் நவீன வேட்கையை முதலாளித்துவத் தனிமனிதவாதம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்கியவர்களும் தம் வீடுகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உறங்கினார்கள்.

யாழ்ப்பாணத்திலே பெரும் பண்ணை நிலவுடைமை என்றும் வேரூன்றியதில்லை. சிறு காணி, தோட்டச் செய்கை, அதன்மேல் ஆங்கிலக் கல்வி வழி கிடைத்த உத்தியோகம் என்பனவே இங்கு மேலாதிக்கத்தின் தூண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மலாயாவின் புகையிரதத் திணைக்களத்துக்கும் அரச கந்தோர்களுக்கும் சென்றவர்கள் அனுப்பிய பணமும் பின்னர் கொண்டுவந்த பென்சனும் கிராமங்கள்தோறும் கல்வீடுகளாக எழுந்தன. அவ்வீடுகளின் முகப்பிலே ஐரோப்பியப் பாணித் தூண்களும் நிறக்கண்ணாடி யன்னல்களும். உள்ளே அதே முற்றம், அதே சுவாமி அறை, யன்னலற்ற அதே இருட்டறையில் நெல்லும் நகையும். மரபையும் சமகால வடிவத்தையும் கலத்தல் என்று இன்று பேசப்படுவதை அவர்கள் பெயரிடாமலே செய்தனர். புதுமை தெருவைப் பார்த்தது, பழமை உட்புறத்தை ஆண்டது. அக்கலப்பின் விதி இதுவே.

செட்டிநாட்டிலே இதே விதி பெரிய அளவிற் செயற்பட்டதைக் காண்கின்றோம். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலால் திரண்ட மூலதனம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் அந்த வறண்ட நிலத்தில் வந்து குவிந்தது. 1930களின் இறுதியிலே கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது என்பதை மறந்துவிட்டு அத்தூண்களின் பளபளப்பை வியத்தல் அரைக்கண்ணாற் பார்ப்பதாகும். பர்மா கைவிட்டுப்போனபின், பங்குதாரர் பெருகிய வீடுகள் பிரிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து அவை சென்னை, பெங்களூர் அடுக்குமாடி மனைகளுக்கு ஏறின. கூரையைத் தாங்கிய தூண் இப்போது எதனையும் தாங்காது வரவேற்பறை மூலையில் நிற்கின்றது. பயன்பெறுமதி கழன்று, காட்சிப்பெறுமதி மட்டும் எஞ்சிய பண்டத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

கொழும்பிலே அத்தகைய செட்டிநாட்டுத் தூண்களைத் தம் வீட்டினுள்ளே நிறுத்தியவர்களுள் ஒருவர் ஜெவ்ரி பாவா. இலங்கையிலே மரபையும் நவீனத்தையும் இணைத்தவர் என உலகம் அறிந்த பெயர் அவருடையது. அவர் கட்டடக்கலைக்கு வந்த கதை எமது விடயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. சட்டம் படித்த பாவா, இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணினார், அது கைகூடவில்லை. திரும்பிவந்து 1948இல் பெந்தோட்டைக்கு அண்மையில் இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கி அதனை இத்தாலியத் தோட்டமாக்க முயன்றதே லுணுகங்கையின் தொடக்கம். இன்று இலங்கையின் மண்ணிலிருந்து முளைத்ததாகப் போற்றப்படும் அழகியலின் விதையில் ஒரு பாதி இத்தாலியது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. தூய சுதேசியம் தேடுவோரின் கவனத்துக்காகச் சொல்லுகின்றோம்.

பாவா 1960க்கும் 1962க்கும் இடையில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, பழைய முற்றத்தை நகரத்துச் சிறு காணிக்குள் மீட்டது. அந்த மீட்சிக்குப் பின்னே கலைஞனின் உள்ளொளி மட்டும் இருக்கவில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. கண்ணாடியும் உருக்கும் அரிதாக, ஓடும் மரமும் கருங்கல்லும் கையிற் கிடைத்தன. தேவை மரபைத் தேடச் செய்தது. பின்னர் அக்காணி கைமாறியபோது அவ்வீடு கல் கல்லாக இலக்கமிடப்பட்டுப் பிரிக்கப்பட்டு லுணுகங்கையில் மீள எழுப்பப்பட்டது. 2016இல் அப்பணி நிறைவுற்றது. மரபை மீட்ட நவீன வீடு இப்போது தானே ஒரு மரபுரிமைப் பொருள்.

பாவாவுக்கு முன்னோடியான மினெற் டி சில்வாவை நாம் இதனிலும் உயர்வாக மதிக்கின்றோம். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண் அவர். கண்டியிலே 1949–1951 காலப்பகுதியில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லத்தில் கைவினைஞரின் வேலை கட்டடத்தின் உறுப்பாகியது. ஆனால் எமது மதிப்புக்குக் காரணம் அவ்வில்லமன்று. 1950களின் பிற்பகுதியில் வட்டப்புளுவையிலே அரச ஊழியர்களுக்கான வீடமைப்பை அவர் மேற்கொண்டபோது, குடிபுகப்போகும் குடும்பங்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, அவரவர் வாழ்க்கைமுறையையும் வசதியையும் அறிந்து வீடுகளை வகைப்படுத்தினார். மரபு என்பதைத் தூணிலும் ஓட்டிலும் தேடாமல், மக்கள் எவ்வாறு சமைக்கிறார்கள், எவ்வாறு உறங்குகிறார்கள் என்பதிலே தேடிய முயற்சி அது. சஞ்சிகைகள் பாவாவின் முற்றங்களைப் படம்பிடித்த அளவுக்கு வட்டப்புளுவையைப் படம்பிடிக்காததில் வியப்பில்லை.

இத்தாலியிலும் இப்பிரச்சினை அழகுப் பக்கங்களிலன்றித் தொழிலாளர் குடியிருப்புகளிலேதான் கூர்மையாக எழுந்தது. போருக்குப் பின் 1949இல் தொடங்கிய அரச வீடமைப்புத் திட்டத்தின்கீழ் உரோம் நகரின் திபூர்த்தினோக் குடியிருப்பை அமைத்த குவாரோனியும் ரிடோல்பியும், கிராமத்திலிருந்து வந்த ஏழைகளுக்குக் கிராமத்தையே நகரிற் கட்டிக்கொடுக்க முனைந்தனர்: வளைந்து செல்லும் தெரு, வெளிப் படிக்கட்டு, ஓட்டுக் கூரை, இரும்பு வேலைப்பாடு. நவயதார்த்தத் திரைப்படங்களின் காலம் அது, நோக்கமும் நேர்மையானதே. ஆனால் கிராமத்தின் உருவம் வந்ததேயன்றிக் கிராமத்தின் உழைப்பு உறவுகள் வரவில்லை, வரவும் இயலாது. குவாரோனி தாமே பிற்காலத்தில் அம்முயற்சியைக் கடுமையாக விமர்சித்தார். மான்பிரெடோ தபூரி என்னும் மார்க்சிய வரலாற்றாசிரியர் 1973இல் வெளியிட்ட நூலிலே, முதலாளித்துவத்தினுள் கட்டடக்கலை தன் வடிவங்களாலே விடுதலையைக் கொண்டுவர முடியாது என்ற முடிவுக்கே வந்தார். அம்முடிவில் நாம் பாதி வழிதான் அவருடன் செல்வோம். வீடு விடுதலையைக் கொண்டுவராது. ஆனால் வெயிலைத் தடுக்கும், அல்லது தடுக்காமல் விடும். அது சிறிய வேறுபாடன்று.

வெரோனா நகரின் கஸ்தெல்வெக்கியோக் கோட்டையை அருங்காட்சியகமாக மாற்றிய கார்லோ ஸ்கார்ப்பா, பழைய சுவரும் புதிய தளமும் சந்திக்குமிடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டார். எங்கே பழமை முடிந்து எங்கே புதுமை தொடங்குகின்றது என்பதைப் பார்வையாளர் காணலாம். எமக்கு இது நேர்மையான அழகியலாகப் படுகின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைக்கும்போது இது உறுத்துகின்றது. 1981இல் எரிக்கப்பட்ட அக்கட்டடத்தின் கருகிய சுவர்களை நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்ற கருத்தும் எழுந்ததுண்டு. இன்று வெண்மையாக நிற்கும் நூலகத்துக்குள் புதிதாகப் படிக்கவரும் மாணவர் எச்சுவர் எரிந்தது, எச்சுவர் பின்னர் எழுந்தது என்று காண்பதற்கில்லை. இணைப்பு மறைக்கப்பட்டுள்ளது.

போரையும் இங்கு பேசாது விடமுடியாது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சுண்ணாம்புச் சாந்தையும் சாணி மெழுகிய தரையையும் மெல்ல மெல்ல வெளியேற்றியது. அத்தொழிற்சாலையை 1990இல் போர் மூடியது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் வெளியேறியது. பனைகள் தறிக்கப்பட்டுக் கைமரமாவதற்குப் பதிலாகப் பதுங்குகுழிகளுக்குத் தீராந்திகளாயின. பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிய பலர் கண்டவை கூரையும் கதவும் நிலையும் கழற்றப்பட்ட சுவர்களே. வலிகாமம் வடக்கிலே நாம் பார்த்த ஒரு நாற்சார் வீட்டில் முற்றத்தின் நடுவே ஓர் ஆலமரம் நின்றது. அவ்வீட்டுக்கு உரியவர்கள் மரத்தை வெட்டுவதா வீட்டை விடுவதா என்று தீர்மானிக்க முடியாமல் அயலிலே ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். முற்றத்தின் அழகியல் பற்றி அவர்களிடம் பேச எமக்கு நா எழவில்லை.

கழற்றப்பட்ட கதவுகளும் தூண்களும் எங்கே போயின என்பதை எவரும் முழுமையாகக் கணக்கெடுக்கவில்லை. பழங்கதவுகள் இப்போது புதிய விடுதிகளில் மேசைகளாக இருக்கின்றன. கடகம் கவிழ்க்கப்பட்டு மின்குமிழுக்கு மறைப்பாகின்றது. சுளகு சுவரிலே தொங்குகின்றது. கடகம் இழைக்கும் பெண்ணுக்குச் சில நூறு ரூபா கிடைப்பதை நாம் பழிக்கவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது முதல் இத்தகைய சந்தைக்கே பாடுபட்டுள்ளது. ஆனால் சங்கடப்படலையை அப்படியே அமைத்துள்ள உணவகமொன்றிலே, அன்று அப்படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று பரிசாரகர்களாக நிற்கக்கூடும் என்பதும், அவர்களுக்கு அப்படலை எதனை நினைவூட்டும் என்பதும் அலங்காரத்தைத் திட்டமிட்டவர்களின் எண்ணத்திற் படுவதில்லை. வால்டர் பெஞ்சமின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசின் உள்ளகத்தைப் பற்றி எழுதும்போது, தனிமனிதன் தன் தொழிலுலகின் உண்மைகளை மறந்து கனவு காண்பதற்கான இடம் அது என்று கண்டார். ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இரண்டு வேலை பார்த்து அனுப்பப்பட்ட பணத்தில் ஊரிலே ‘மாபிள்’ பதித்து எழும் வீட்டுக்கும் இது பொருந்தும், ஒரு வேறுபாட்டுடன். அங்கே கனவு காண்பவர் உள்ளே இருந்தார். இங்கே வீடு பூட்டியிருக்கின்றது, திறப்பு அயல்வீட்டில்.

இவ்விமர்சனத்தை இவ்வளவில் நிறுத்தினால் நாமும் ஒரு பழைய தவற்றையே செய்தவராவோம். முற்றத்தையும் திண்ணையையும் நிலவுடைமை எச்சம் என்று முத்திரைகுத்திவிட்டு, அவற்றினுள் உறைந்திருந்த அறிவை விடுதி முதலாளிகளிடம் ஒப்படைத்தவர்கள் முற்போக்காளராகிய நாமே. அதன் விலை 2015, 2016ஆம் ஆண்டுகளிலே தெரிந்தது. வடக்குக் கிழக்கிலே போரால் பாதிக்கப்பட்டோருக்கு 65,000 வீடுகள் என்ற திட்டம், ஆசலர் மித்தல் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் முன்தயாரிப்பு உருக்கு வீடுகளாக, ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவாக முன்வைக்கப்பட்டது. இந்திய உதவித்திட்டத்திலே ஒரு கல்வீட்டுக்கு வழங்கப்பட்டது 5½ இலட்சம். பொறியியலாளரும் சமூக ஆய்வாளரும் மக்கள் பிரதிநிதிகளும் உருக்கு வீட்டின் வெப்பம், காற்றோட்டம், ஆயுள், திருத்த முடியாமை ஆகியவற்றைக் காட்டி எதிர்த்தனர். உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமற்போவதையும் எடுத்துரைத்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாதத்திலே சுவரின் தடிப்பும் கூரையின் சரிவும் காற்றின் வழியும் அரசியற் பொருளாதாரத்தின் நேரடிப் பிரச்சினைகளாயின. மரபு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே மரபின் பகுத்தறிவு அங்கே பாதுகாக்கப்பட்டது. ஏங்கெல்ஸ் 1872இலே வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, ஓரிடத்தில் அது தீர்க்கப்படுவதாகக் காட்டப்பட்டு இன்னோரிடத்தில் மீண்டும் தோற்றுவிக்கப்படுகின்றது என்றார். எமது குடாநாட்டில் அழகிய முற்றமும் உருக்குப் பெட்டியும் ஒரே ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டமை அக்கூற்றை மீண்டும் படிக்கத் தூண்டுகின்றது.

அண்மையில் நாம் சென்ற ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலே, இந்திய உதவித்திட்டத்தின் ஏறத்தாழ 550 சதுர அடி வீடுகள் ஒரே முகத்தோடு வரிசையாக நின்றன. அருகிற் சென்றபோது ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருந்தது. வரைபடத்திற் குறித்த சமையலறையில் நெல்மூடையும் சைக்கிளும் இருந்தன. அடுப்பு பின்னால் கிடுகு வேய்ந்த ஒரு பத்திக்குப் போயிருந்தது. முன்புறம் வேறொரு பத்தி இறக்கி, சீமெந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு குந்து கட்டியிருந்தார்கள். தாயும் மகளும் அதிலிருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தனர். நாம் யார், எவ்வூர், எவர் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் கேளாமலே, தாய் ஓலையை ஒதுக்கி அக்குந்தில் எமக்கு இடம் விட்டார்.